படையல் வடை

பிறக்கும்போதே என் மகள் ஷாலினியின் வலது தோள் நரம்பு இழுபட்டுவிட்டது. மூன்று வயதாகியும் அந்தக் கை மார்புக்கு மேல் எழவில்லை. நல்ல கையைத் தினமும் சிறிது நேரம் துணியால் கட்டிவைத்தால் மற்றது தானாக வேலை செய்யும் என்று கள்ளக்குறிச்சியில் பயிற்சி கொடுக்கும் அம்மா சொல்லியிருந்தார். ஷாலினியின் அப்பா மாயவனின் கருமாதியன்றும் கட்டினேன்.

படத்துக்கு முன்னால் ஸ்டூல் மேல் படையல் இலை. கூரையில் வைத்த சோற்றுக்கு ஒரு காகமும் வரவில்லை. எல்லாம் வெள்ளிமலைக்கு பஸ் ஏறிவிட்டன போலிருந்தது. காத்திருந்து அலுத்த ஷாலினியின் வலது கை நடுங்கியபடி எழுந்து, தோளைத் தாண்டி, அப்பாவின் வடையை எடுத்தது.

"இன்னாடி இது! காக்கா வாய் வெக்கறதுக்குள்ள எச்சி பண்ணிடுச்சே!" என்று நாத்தனார் ஆண்டாள் கத்தினார்.

"உங்க தம்பி உசுரோட இருந்தப்பவே அவ எச்சிய துன்னவருதான் அண்ணி. இன்னொரு வடைய எடுத்து ஒசரமா புடிங்க. கை மறுபடியும் வருதான்னு பாப்போம்."

அண்ணி முறைத்துக்கொண்டே பிடித்தார்.