அர்ஃபானின் ஜாலான் புசார்

வாசகர் வட்டத்தில் மோகனப்பிரியாவை எல்லோரும் ‘ஜாலான் புசார் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தத் தெருவில் ஓர் இரும்புச்சாமான் கடைக்கு மேல்மாடியில் பன்னிரண்டு வயதுவரை வளர்ந்தவள் அவள். பிறகுதான் குடும்பம் தோ பாயோ வட்டாரத்து அடுக்குமாடிக்குப் போனது. இப்போது நாற்பத்தேழு வயது. உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. ஏழு வருடங்களாக அந்தத் தெருவைப் பற்றி ஒரே ஒரு நாவலை எழுதிக்கொண்டிருந்தாள்.

மாதத்தின் கடைசி ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு, சமூக மன்றத்தின் இரண்டாம் மாடி அறையில் வட்டம் கூடும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அந்த ஆகஸ்ட் மாதம் அர்ஃபான் முதல்முறையாகத் தன் நாவலில் ஓர் அத்தியாயத்தை வாசித்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்து நான்கு வருடமாகிறது. மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை. ஜாலான் புசாரில் ஒரு கடைக்கு மேலே எட்டுப் பேரோடு ஓர் அறையில் இருந்தான். நாவலைக் கைப்பேசியிலேயே எழுதியிருந்தான். கைப்பேசியைப் பார்த்தே வாசித்தான்.

அவன் கதையில் ஓர் இளைஞனுக்கு ஊரில் நிச்சயித்திருந்த கல்யாணம் நின்றுவிடுகிறது. காலையில் போனில் சொல்லிவிட்டார்கள். மதியம் அவன் சட்டை மாட்ட ஒரு கொக்கி வாங்க இரும்புச்சாமான் கடைக்குப் போகிறான். கூரையிலிருந்து சங்கிலிகள் தொங்குகின்றன. யாருக்கோ கயிறு அளந்து வெட்டுகிறார்கள். ஓர் அட்டையில் கொக்கி இரண்டாகத்தான் வரும், ஒன்றைப் பிரித்துத் தரமாட்டோம் என்கிறார் கடைக்காரர். எனக்கு ஒன்று போதும் என்கிறான் அவன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பின்னால் ஆட்கள் வரிசையில் சேர்கிறார்கள். அவ்வளவுதான் அத்தியாயம்.

‘வருத்தம்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் அவன் வாசித்து முடித்ததும் வட்டத்தை நடத்தும் காதர் மைதீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சங்கிலி சத்தம் இன்னும் காதுல கேக்குது லா,” என்றாள் பல்கலைக்கழக மாணவி நிவேதிதா.

மோகனப்பிரியாவுக்கு வயிறு எரிந்தது. போன மாதம் அவள் தன் முதல் அத்தியாயத்தை வாசித்திருந்தாள். பச்சை மரச்சன்னல்கள், பூப்போட்ட ஓடுகள், எந்த வீட்டுக்கு எந்த வருடம் என்ன நிறம் அடித்தார்கள் என்பது வரை அதில் இருந்தது. நடுவில் ஒரு பெண் அழுதுகொண்டே அந்தத் தெருவில் நடப்பாள். அதற்கு இதே நிவேதிதா, “அழகா இருக்குக்கா. ஆனா வாக்கிங் டூர் போன மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணு ஏன் அழுவுறான்னுதான் தெரியல,” என்று சொல்லியிருந்தாள்.

அர்ஃபான் வாசித்த அன்று, ஜாலான் புசார் வழியாகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கையில் அந்தச் சங்கிலிகள் நிஜமாகவே அவள் கண்ணில் பட்டன. சிறுவயதில் அவற்றின் கீழே ஓடி விளையாடியவள், ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது பார்த்தால் அவை அவன் எழுதியபடியே தொங்கின. கயிற்றுச் சுருள், துருப்பிடித்த மடக்குக்கதவு, வாசலில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்த கிழவர், எல்லாம் அவனுக்குச் சொந்தமாகிவிட்டது போல இருந்தது. பிறந்த வீட்டுச் சாவியை வேறு யாரோ இடுப்பில் சொருகிக்கொண்டு போவதைப் பார்ப்பது மாதிரி அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அந்த வாரமே காதர் மைதீன் போன் செய்தார். “பிரியா, இந்த வருஷம் வட்டத்துலேருந்து ஒரு நாவலப் புத்தகமாப் போடப்போறோம். உன்னோடதும் இருக்கு, அர்ஃபானோடதும் இருக்கு. அந்தப் பையனுக்கு ஒற்றுப்பிழை நெறய வருது. கொஞ்சம் பாத்துக் குடுக்கிறியா?”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். “கொடுக்கச் சொல்லுங்கண்ணே,” என்றாள்.

அவன் நூலகத்தில் அச்செடுத்துக் கொண்டுவந்த இருநூறு பக்கத்தை ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு படித்தாள். ஒற்றுப்பிழைகளைத் திருத்தத் திருத்த அவளுக்குக் கோபம் ஏறியது. இத்தனை பிழைவிடுகிறவனுக்கு எப்படி இது வந்தது? நாயகன் பயந்திருக்கும் நாளில் தெருவில் லாரிகள் பின்னோக்கியே வருகின்றன. அவனுக்குச் சம்பளம் கூடிய நாளில் அதே தெருவில் வெயில் இல்லை, நிழல்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிழலில் ஒருத்தர் டுரியான் பழம் வெட்டிக்கொண்டிருக்கிறார். தெருவைச் சொல்லியே ஆளைச் சொல்லிவிடுகிறான். அவளோ தெருவை ஒரு பக்கமும் ஆளை ஒரு பக்கமுமாக ஏழு வருடம் எழுதியிருந்தாள்.

அது நல்ல எழுத்து என்று நன்றாகத் தெரிந்தேதான் அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். கொக்கி அத்தியாயத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் எழுதினாள்: ‘சூழல் வருணனை மிகை. கதை நகரவில்லை. நீக்குக.’ லாரிகளுக்கு ஒரு கோடு. டுரியானுக்கு ஒரு கோடு. மாணவர் கட்டுரைகளைத் திருத்திப் பழகிய கை, தயங்கவே இல்லை.

கோப்பிக்கடையில் உட்கார்ந்து அவள் சொன்னதையெல்லாம் அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அங்கேயே கைப்பேசியில் ஒவ்வொன்றாக அழித்தான்.

“நாப்பது பக்கம் போயிடுச்சுக்கா,” என்று சிரித்தான். “நல்லவேள சொன்னீங்க. இந்தத் தாளெல்லாம் நீங்களே வச்சுக்கோங்க. ரூம்ல வைக்க எடமில்ல.”

அக்டோபர் கூட்டத்தில் அவன் திருத்திய பகுதியை வாசித்தான். ‘கல்யாணம் நின்றது அவனுக்கு மிகுந்த வேதனையைத் தந்தது’ என்று ஒரு வரி வந்தது. அடுத்து இன்னொரு வேதனை. நிவேதிதா கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தாள். மோகனப்பிரியாவுக்கு முதலில் உடம்பெல்லாம் ஒரு சுகம் பரவியது. அதை அவள் பின்னால் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவில்லை.

“அந்தக் கொக்கி எங்கப்பா?” என்று காதர் மைதீன் கேட்டார்.

“அக்கா எடுக்கச் சொன்னாங்க பாய். அவங்க அந்தத் தெருவிலேயே வளர்ந்தவங்க, டீச்சர் வேற. சொன்னா சரியாத்தானே இருக்கும்?” அவன் குரலில் குற்றம் சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். காதர் மைதீன் மட்டும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது.

கூட்டம் முடிந்து அவன் அறைக்கு நடந்தபோது அவள் பின்னாலேயே போனாள். “அர்ஃபான், நில்லுங்க.”

“சொல்லுங்கக்கா.”

“நான் சொன்னது தப்பு. தெரியாம சொல்லல. பொறாமையில சொன்னேன்.”

அவனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் முகம் கறுத்தது. “எதுக்குப் பொறாமை? உங்களுக்கு இங்க வீடு இருக்கு, வேல இருக்கு. யாரும் உங்களப் போன்னு சொல்ல முடியாது. எங்கிட்ட என்ன இருக்கு?”

“இந்தத் தெரு.”

“தெருவா!” அவன் சத்தமாகவே சிரித்தான். தள்ளுவண்டியோடு போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். “ரூம்ல ஒக்கார எடமில்லாம இங்க வந்து நிப்பேன். மனசு சரியில்லன்னா போறதுக்கு எனக்கு வேற எடம் கெடையாது. அதான் பாத்துக்கிட்டே இருந்தேன். இதுலயா பொறாமை?”

அவள் பையிலிருந்து அவனுடைய இருநூறு பக்கங்களை எடுத்து நீட்டினாள். “சிவப்புக் கோட்டயெல்லாம் விட்டுடுங்க. எழுத்துப்பிழைத் திருத்தம் மட்டும் எடுத்துக்குங்க. அது சரியாத்தான் இருக்கும்.”

அவன் வாங்கிக்கொண்டான். நன்றி சொல்லவில்லை. “வர்றேன் மேடம்,” என்று படியேறிப் போய்விட்டான். அன்றிலிருந்து அவன் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை.

அவன் நாவலைத்தான் வட்டம் தேர்ந்தெடுத்தது. மோகனப்பிரியாவும் அதற்கே கை தூக்கினாள். தூக்கும்போதும் நெஞ்சு எரியத்தான் செய்தது.

டிசம்பர் விடுமுறையில் தன் நாவலைக் கையில் எடுத்தாள். பச்சைச் சன்னல்களைக் கோடிட்டு அடித்தாள், ஓடுகளை அடித்தாள். பக்கம் பக்கமாக வெட்டியபின் அழுத பெண் மட்டும் மிஞ்சினாள். அந்தப் பெண்ணைப் பொறாமைக்காரியாக்கி மறுபடி தெருவில் நடக்கவிட்டாள். இப்போது எல்லாக் கடைகளிலும் கடைக்காரர்கள் வேறு யாருக்கோ முகங்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவள் கேட்ட சாமான் எப்போதும் மேல்தட்டில், எட்டாத உயரத்தில் இருந்தது. ஏணி இன்னொரு வாடிக்கையாளருக்காகப் போயிருந்தது.

ஜனவரிக் கூட்டத்தில் அதை வாசித்தாள். முடித்ததும், “ஐயோ, அந்த ஏணி,” என்று நிவேதிதா மெல்லச் சொன்னாள்.

மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்த அர்ஃபான் கையை நீட்டினான். “தாளக் குடுங்க மேடம். படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்.”

அவன் சட்டைப்பையில் பேனா இருந்தது. ஏழு வருட எழுத்தில் மிஞ்சியது அந்தப் பன்னிரண்டு பக்கம்தான். அவன் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கிற உரிமையும் தனக்கில்லை என்று தெரிந்தது. ஓரங்களை ஒருமுறை தட்டி நேராக்கி, தாள்களை அவனிடம் கொடுத்தாள்.