பகல் தூக்கத்தில் அடித்த மணி

புனித நிக்கோலாவின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு சொல் கூடிப்போயிருந்தால் இனி நான் குடிக்கும் ராக்கிச் சாராயமெல்லாம் எனக்கு வெறும் தண்ணீராகப் போகட்டும்.

ஆகஸ்ட் மாதம். எங்கள் ஊர் பெத்ரூசாவிலிருந்து மலைப்பாதை வழியாக அடுத்த ஊரான ஸ்கினாரிக்குப் புறப்பட்டேன். தொழுவத்திலிருந்து தலையை நீட்டி வானத்தைப் பார்த்த என் கழுதை, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. பாலாடைக்கட்டி மூட்டையை நானே தோளில் போட்டுக்கொண்டேன்.

ஊர் எல்லையில் ஒரு கணவன் மனைவி சேர்ந்துகொண்டார்கள். விடுமுறைக்கு ஏதென்ஸிலிருந்து எங்கள் தீவுக்கு வந்தவர்கள். அவன் ஃபெதோன், பல் வைத்தியன். அவள் ரோக்சானி.

“தம்பி, தொப்பி எங்க?” என்றேன்.

“எதுக்குப் பெரியவரே? போன்ல பாத்துட்டேன். பக்கந்தான்.”

“போனுக்கு வேர்க்காது தம்பி.”

“நல்லா சொல்லுங்க,” என்றாள் ரோக்சானி. “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் சொல்றேன். காது பல்லுக்குள்ள இருந்தா கேட்டிருப்பாரு.”

பாதி வழியில் சில்வண்டுகள் சத்தத்தை நிறுத்திவிட்டன. அத்திமரங்களின் நிழல் வேருக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. கால் சுடுகிறது என்று ஒரு பல்லி என் செருப்பில் ஏறி உட்கார்ந்தது, நானும் துரத்தவில்லை. ஃபெதோன் புட்டியில் இருந்த கடைசித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு சிரித்தான். அது கழுத்துக்கு வருவதற்குள் காய்ந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவனுக்கு வேர்ப்பது நின்றது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

பாதையோரக் கல் ஒன்றின் முன் மண்டியிட்டு, “வாயைத் திறங்க. இன்னும் கொஞ்சம் பெருசா,” என்றான். கல் திறக்கவில்லை. அவன் அதன் மேலேயே சாய்ந்தான்.

“ஃபெதோன்! ஏங்க! பெரியவரே, உடம்பு கொதிக்குது!”

“ஒரு கையை நீ புடிம்மா. ஸ்கினாரி அதோ தெரியுது. தண்ணி மட்டும் கெடைச்சா பொழச்சுக்குவான்.”

மூட்டையைக் கீழே வைத்தேன். பாலாடைக்கட்டி உருகி, எங்களுக்கு முன்னால் ஊரைப் பார்த்து ஓடியது. அதன் தடத்திலேயே அவனை இழுத்துக்கொண்டு இறங்கினோம்.

ஸ்கினாரியில் ஒரு ஈ பறக்கவில்லை. எல்லோருக்கும் பகல் தூக்கம். அந்த நேரத்தில் எங்கள் பக்கம் யாரும் கதவைத் தட்டுவதில்லை, தட்டினாலும் திறப்பதில்லை. ஒரு தபால்காரன் தெரியாமல் தட்டிவிட்டான். அவன் மகனுக்கு இன்னும் பெண் கிடைக்கவில்லை. ஊர் நீர்த்தொட்டிக்கோ கோடை முழுக்கப் பூட்டு. சாவி விதவை எவாந்தியாவிடம்.

அவள் வாசலில் ஓங்கிய என் கை அப்படியே நின்றது. தட்ட வரவில்லை.

“என்ன யோசனை? செத்துக்கிட்டிருக்காரு!” ரோக்சானி என்னைத் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் தட்டினாள். உள்ளேயிருந்து ஒரு செருப்பு பறந்துவந்து கதவில் மோதியது. பிறகு குறட்டை தொடர்ந்தது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. குறட்டையின் சுருதிதான் மாறியது.

கோயில் சுவரோரம் நாங்கள் கிடத்தியிருந்த ஃபெதோனின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. “பெரியவரே, மூச்சு விட்டு விட்டு வருது,” என்றாள். இப்போது அவள் கத்தவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மேலே மணிக்கயிறு தொங்கியது. வேளை கெட்ட வேளையில் மணி அடித்தால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்: தீ. பொய்யாக அடித்தவனை ஊர் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதுவரை ஒருவனும் அடித்ததில்லை.

கயிற்றில் தொங்கினேன்.

கதவுகள் எல்லாம் ஒரே சமயத்தில் திறந்தன. உள்பாவாடையோடு பெண்கள், ஒற்றைச் செருப்போடு ஆண்கள், எல்லார் கையிலும் வாளி. முன்னால் எவாந்தியா, தொட்டியைத் திறந்துவிட்டே வந்திருந்தாள்.

“தீ எங்கய்யா?”

“இதோ, இங்க.” ஃபெதோனின் தலையைக் காட்டினேன்.

“வெளையாடறியா கெழவா?” என்று அவன் நெற்றியைத் தொட்டவள், விரலை உதறி வாயில் வைத்துக்கொண்டாள். “ஐயோ! பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, ஊத்துங்கடா!”

முதல் வாளிக்கு ‘சுர்’ரென்று ஆவி எழும்பியது. அடுத்த வாளிக்கு இமை அசைந்தது. அதற்கடுத்ததுக்குக் கண்ணைத் திறந்து, “அடுத்த ஆளை வரச் சொல்லுங்க,” என்றான். ரோக்சானி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நடுவில் முதுகில் இரண்டு வைத்தாள்.

எவாந்தியா என் பக்கம் திரும்பினாள். “அவன் பொழச்சான். நீ பொழைக்கமாட்ட. எம் புருஷன் செத்ததுக்கப்புறம் மொதத் தடவையா கனவுல வந்து வாயத் தொறந்தான்யா! என்ன சொல்ல வந்தான்னு இப்ப எவன்கிட்ட போய்க் கேக்கறது?”

காலி வாளிகள் என்னை நோக்கிப் பறந்தன. மலையேறி ஓடினேன். அன்றிலிருந்து ஸ்கினாரிக்காரர்கள் யாரும் என்னோடு பேசுவதில்லை.

ஸ்கினாரியைத் தேடிப் போய்விடாதீர்கள்: எங்கள் தீவில் இருப்பது ஒரே ஊர், பெத்ரூசா.