தூணில் முளைத்தது

மழை விட்ட காலைகளில் கணவன் எழுவதற்குள் அவள் பின்வாசலுக்குப் போய்விடுவாள். தாழ்வாரக் கூரையைத் தாங்கும் மரத்தூணின் அடியில், சுவர்ப் பக்கமாக, மரக்காதுக் காளான் பழுப்பு மடல்களாக விரிந்திருக்கும். வழவழவென்று, தொட்டால் குளிரும். அறுத்து, பூண்டு மிளகு சேர்த்து வதக்கி, அவன் தட்டில் வைத்துவிடுவாள்.

காளான் கிடங்கில் பதினோரு வருடமாகத் தரம் பிரிப்பவள். தின்னக்கூடியது எது என்று தெரியும். இது உள்ளே மக்கிப்போன மரத்தில்தான் முளைக்கும் என்பதும் தெரியும். வீடு விற்றால் மகள் இருக்கும் ஊருக்குப் போய்விடலாம். மகளுக்கு எட்டாம் மாதம். இரண்டு வருடமாக வந்தவர்களெல்லாம் ஏதாவது நொட்டை சொல்லிப் போனார்கள். அதனால் தூணைப் பற்றி வாயே திறக்கவில்லை. கணவனிடமும்தான், அவனுக்கு ஓட்டை வாய். நான் பொய் சொல்லவில்லை, சமைக்கிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை என்பதால் பாதி நாள் தூக்கம் வந்தது.

அன்று கைக்குழந்தையோடு வந்த தம்பதிக்கு வீடு பிடித்துவிட்டது. கணவன் விடாப்பிடியாக அவர்களைச் சாப்பிட உட்காரவைத்தான்.

“இதை ருசி பாரும்மா. எங்க வீட்டம்மா கிடங்குலேர்ந்து கொண்டாந்தது.”

அந்தப் பெண் மென்றாள். “நல்லாருக்குக்கா. ஆனா கிடங்குக்குக் காஞ்சதுதானே வரும்? இது இப்பதான் பறிச்ச மாதிரி இருக்கே.”

“அதெல்லாம் அவளுக்குத் தனி கவனிப்பு!” என்று கணவன் சிரித்தான்.

அவள் தண்ணீர் ஊற்றினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

வந்தவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலை எட்டிப் பார்த்தான். “குட்டிம்மா, உனக்கு ஊஞ்சல் கட்ட இடம் கிடைச்சாச்சு. அந்தத் தூண் போதும்.”

தன் மகளையும் இந்தக் குழந்தையின் ஊஞ்சல் கயிற்றையும் ஒரே நேரத்தில் அவளால் நினைக்க முடியவில்லை. சமையலறையிலிருந்து கத்தியை எடுத்து வந்தாள்.

“தம்பி, இங்க வாங்க. அடியில குத்திப் பாருங்க.”

கத்தி பிடிவரை சத்தமில்லாமல் இறங்கியது.

அந்தப் பெண் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “யோசிச்சுச் சொல்றோம்க்கா” என்றாள். சொல்ல மாட்டார்கள்.

அவர்கள் போனதும் கணவன் குனிந்து, தூணில் அறுத்த தழும்புகளைப் பார்த்தான்.

“அப்போ இத்தனை நாளா நான் தின்னது நம்ம வீட்டையா?”

“ஆமா.”

“பொண்ணுகிட்ட என்னடி சொல்லப் போறே?”

“நான் மட்டும் முதல்ல வரேன்னு. நீங்க தச்சரைக் கூப்பிட்டுத் தூணை மாத்துங்க.”

அவன் உள்ளே போய், தட்டில் மீதியிருந்ததைத் தின்று முடித்தான்.