குளக்கட்டில் நட்ட கன்றுகள்

காலை ஒன்பது மணிக்கு முன்வளவு அலுவலகத்தின் ஜெனரேற்றர் தொடங்குமுன் கமலாசனி கொடியில் கிடக்கும் உடுப்புகளை எடுத்துவிடுவாள். அன்று பிந்திவிட்டாள். மகளின் வெள்ளைச் சீருடையோடு அவள் கந்தோரின் பின்வாசலில் வந்து நின்றபோது, என்ன விஷயம் என்று அங்கே வேலைசெய்யும் ஜெயரூபி கேட்கவில்லை. சட்டையின் தோளில் கரி படிந்திருந்தது.

"சட்டையைத் தோய்க்கலாம் தங்கச்சி. பிள்ளைக்கு முட்டு இழுக்குது. நெஞ்சை எதிலை போட்டுத் தோய்க்கிறது?"

முகாமையாளர் சேரிடம் சொல்வதாக ஜெயரூபி சொன்னாள். ஆறு மாதமாக அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் காசைக் கணினி வழியே நொடியில் கொண்டுவந்து சேர்க்கும் கொழும்பு நிறுவனம் அது. யுத்தம் நின்று பாதை திறந்ததும் கிளிநொச்சியில் கிளை போட்டது. ஊருக்கு மின்சாரம் வரவில்லை. இரண்டு கணினிகளுக்குச் சின்ன ஜெனரேற்றர் போதும். மூன்று ஏசிகளுக்கும் பகலிலும் எரியும் பெயர்ப்பலகைக்கும்தான் பெரியது ஓடியது. சுவரில் மூன்று மொழிகளில் ஓர் அறிவித்தல் தொங்கியது: 'எங்கள் காபனுக்கு நாங்களே பொறுப்பு.' விடுகிற புகைக்கு ஈடாக மரம் நடுவதாக வாக்குறுதி. போன மாரியில் அக்கராயன் குளக்கட்டில் இருநூறு கன்றுகளை நட்டுப் படமும் எடுத்தார்கள்.

இப்போது பங்குனி. எத்தனை கன்றுகள் உயிரோடு நிற்கின்றன என்று கேட்டுத் தலைமையகம் படிவம் அனுப்பியிருந்தது. நேரில் பார்த்தவர் கையொப்பமிட வேண்டும். கொழும்பில் விருது விழா வருகிறதாம். முகாமையாளர் கோகுலன் படிவத்தை ஜெயரூபியிடம் நீட்டினார்.

"இருநூறு எண்டு போட்டு ஒப்பம் வையும். உம்மடை கடிதத்தையும் இந்தக் கிழமை அனுப்பிவிடுறன்."

கடிதம் என்றால் அவளுடைய நிரந்தர நியமனம். ஒரு வருடமாக அவருடைய மேசை லாச்சியில் ஒப்பமில்லாமல் கிடந்தது. அவள் வீட்டில் வேறு சம்பளம் இல்லை.

பார்த்துவிட்டே எழுதுகிறேன் என்று சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அக்கராயனுக்குப் போகும் மினிபஸ்ஸில் நெருக்குப்பட்டு நின்றபோது அவளுக்கே விளங்கவில்லை.

குளக்கட்டு மொட்டையாகக் கிடந்தது. ஒரு கன்றும் இல்லை. கட்டின் மேல் மண்வெட்டியோடு நின்ற, வயல்செய்யும் கமக்காரர் அமைப்பின் தலைவர் அப்புத்துரை, யாரென்று விசாரித்துவிட்டுச் சிரித்தார்.

"குளக்கட்டிலை மரம் நிக்கக் கூடாது பிள்ளை. வேர் போன வழியாலை தண்ணி போகும். கட்டு உடைஞ்சா கீழை ஒரு வயலும் மிஞ்சாது."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா."

"கொழும்பாலை வந்த ஆக்கள். மாலையும் போட்டாச்சு. பிறகு எப்பிடித் தடுக்கிறது? அவை வந்த வான் வெளிக்கிடும் வரைக்கும் பொறுத்தனாங்கள்."

காட்டோரமெங்கும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள். கன்று நட வெளியாக இருந்தது கட்டு மட்டுமே. படத்துக்கும் நன்றாக இருந்தது. ஊர் மனிதரிடம் இடம் காட்டும்படி யாரும் கேட்கவில்லை. பிடுங்கிய கன்றுகளை எறிய மனமில்லாமல் ஆளுக்குக் கொஞ்சமாக வளவுகளில் கொண்டுபோய் வைத்ததாக அப்புத்துரை சொன்னார். மாடு தின்றது பாதி, வெயில் தின்றது மீதி. ஜெயரூபி பின்னேரம் வரை வளவு வளவாக நடந்தாள். பன்னிரண்டு கன்றுகள் மட்டும் தப்பி நின்றன.

பஸ்ஸுக்கு நின்றபோது, எதற்கு இந்த மரங்கள் என்று அப்புத்துரை கேட்டார். ஜெனரேற்றர் புகைக்கு ஈடு என்று சொன்னாள்.

"மரம் வளரப் பத்து வருசம் செல்லும். புகை இண்டைக்கெல்லோ வருது?"

அவள் றோட்டைப் பார்த்தாள். பஸ் வரவில்லை.

மறுநாள் படிவத்தில் பன்னிரண்டு என்று எழுதினாள். குறிப்புக்கு விட்ட இடத்தில், பெயர்ப்பலகையைப் பகலில் நிறுத்தி ஏசிகளையும் நிறுத்தினால் சின்ன ஜெனரேற்றரே போதும் என்று எழுதினாள். ஒப்பமிட்டாள். கோகுலன் இரண்டு தரம் வாசித்தார். மற்றக் கிளைகள் எல்லாம் முழு எண்ணிக்கையும் அனுப்பிவிட்டன என்று சொன்னார். அவர் குரலிலும் களைப்புத்தான் இருந்தது.

"உமக்கு இந்த வேலை வேண்டாமோ?"

"வேணும் சேர்." அவள் பின்பக்கச் சுவரைக் காட்டினாள். "ஒருக்கா அந்த ஜன்னலைத் திறவுங்கோ."

கிளை திறந்த நாளிலிருந்து ஏசிக்காக மூடிக் கிடந்த ஜன்னல். கொளுக்கி இறுகியிருந்தது. கோகுலன் தட்டித் திறந்தார். புகை நேராக முகத்தில் அடித்தது. இருமினார். புகைக்கு அப்பால் கமலாசனியின் வெறுங்கொடி தெரிந்தது. அவள் வீட்டு வாசற்படியில் ஒரு பெண்பிள்ளை குந்தியிருந்து வாயால் மூச்செடுத்துக்கொண்டிருந்தது.

"பள்ளிக்கூடம் போகேல்லையோ?" என்றார் கோகுலன்.

"காத்து நல்லா இருக்கிற நாளிலை போகும்."

அவர் ஜன்னலை மூடவில்லை. ஜெயரூபி மெதுவாகச் சொன்னாள்:

"விடுற புகையைக் குறைக்காமல் நடுற மரம் படத்துக்குத்தான் சேர். முதல்லை புகையைக் குறைப்பம். பிறகு மரம் நடுவம், நிக்கக்கூடிய இடத்திலை, அந்த ஊர்ச் சனத்திட்டைக் கேட்டு."

கோகுலன் அவளுடைய ஒப்பத்தின் கீழே தன் ஒப்பத்தையும் வைத்தார். அவளுடைய நியமனக் கடிதம் கிடந்த லாச்சியைத் திறக்கவில்லை. எழுந்துபோய் முதலில் பெயர்ப்பலகையையும், பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஏசிகளையும் நிறுத்தினார். ஜெனரேற்றரின் இரைச்சல் ஒரு படி இறங்கியது.

தலைமையகத்திடம் சின்ன ஜெனரேற்றர் கேட்டுக் கடிதம் எழுதும்படி அவளிடம் சொன்னார். அவள் வேர்க்க வேர்க்க எழுதத் தொடங்கினாள்.