தங்கப்பாண்டியன் கட்டிய பூப்பொட்டலம்

தங்கப்பாண்டியன் சாமி கும்பிட மாட்டார் என்பது பெரியகுளத்தில் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். கும்பிடாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, கும்பிடுகிறவனையும் நிம்மதியாகக் கும்பிட விடமாட்டார். மண் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த மனுஷன். 'ஆத்தா கண்ணைத் திறந்தா, மா காய்ச்சுச்சு' என்று மண்ணைச் சோதிக்கக் கொண்டுவந்த எந்தச் சம்சாரியாவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. தழைச்சத்து, சாம்பல்சத்து என்று அவர் அரை மணி நேரம் பாடம் எடுக்க, வந்தவன் வந்த வேலையையே மறந்துவிட்டுப் போவான்.

மனைவி ஜோதிலட்சுமி நேர் எதிர். செவ்வாய், வெள்ளி தப்பாது. இருந்தாலும் இருபத்தொன்பது வருடமாக இதை வைத்து ஒரு சண்டை வந்ததில்லை. அவள் கோயிலுக்குள் போவாள், அவர் வெளியே ஏதாவது டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அவ்வளவுதான் அந்த வீட்டு மதப் பிரச்சினை.

வினை ஜோதிலட்சுமியின் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. மதுரையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போச்சு, ஆபரேஷன் பண்ணி மாற்றியே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்றார். அடுத்த வியாழக்கிழமைக்கு நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார்.

"நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேரு நல்லா எந்திரிச்சு வர்றாகளாம் ஜோதி. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் தங்கப்பாண்டியன்.

"மிச்சம் மூணு பேரையும் இப்படித்தான சொல்லிக் கூட்டிட்டுப் போயிருப்பாக?"

அவர் டாக்டர் கொடுத்த காகிதத்தை எடுத்து நீட்டினார். அவள் அதைத் தள்ளிவைத்தாள்.

"எங்க ஊரு ஆத்தா சோலையம்மாகிட்டப் பூக்கட்டிக் கேப்போம். அவ சரின்னா படுக்குறேன். வேணாம்னா விட்ருங்க. அப்புறம் என்னைய நச்சரிக்கக் கூடாது" என்று முடித்துவிட்டாள்.

அவர் கத்திப் பார்த்தார். தாளில் இதயம் வரைந்து, வால்வு வரைந்து, அம்புக்குறி போட்டுக் காட்டினார். அவள் பாட்டுக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மனுஷன் திடீரென்று இறங்கி வந்தார்.

"சரி, கேப்போம். ஆனா பொட்டலத்த நாந்தான் கட்டுவேன்."

"நீங்களா?" ஜோதிலட்சுமி ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன், வீட்டு ஆளு கட்டக்கூடாதா?"

"கட்டலாம். கட்டுங்க."

விஷயம் இதுதான். சின்ன வயதில் வடுகபட்டியில் அவருடைய அம்மா பூக்கட்டிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். இரண்டிலும் வெள்ளையையே வைத்துக் கட்டிவிட்டால்? எதை எடுத்தாலும் சரிதான். நூற்றுக்கு நூறு. டாக்டர் சொன்னதைவிட மூன்று அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் ஆட்டோ பிடித்துக் கெங்குவார்பட்டிப் பக்கம் அவள் பிறந்த ஊருக்குப் போனார்கள். மாந்தோப்புக்கு நடுவில் சோலையம்மன் கோயில். பூசாரி சுருளியாண்டி ஜோதிலட்சுமிக்குத் தம்பி முறை. மற்ற நாளில் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் மாட்டுகிறவன்.

"மச்சான், உள்ளயா வர்றீக!" என்று அவன் வாயைப் பிளந்தான். "மொதல்ல செருப்பக் கழட்டுங்க."

தங்கப்பாண்டியன் ஒரு மூலையில் திரும்பி உட்கார்ந்து, இரண்டு வாழையிலைத் துண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்து மடித்தார். சிவப்புக்கென்று கொடுத்த செவ்வரளியைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். நார் சுற்றும்போது முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்துபோனது. இரண்டும் வெள்ளை என்று தெரிந்தவருக்கு இத்தனை தடுமாற்றம் எதற்கு? அதை அவரைத்தான் கேட்க வேண்டும்.

சூடம் காட்டினார்கள். ஜோதிலட்சுமி கண்ணை மூடி வேண்டிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். சுருளியாண்டி பிரித்தான். வெள்ளை.

"அப்பாடா!" என்று தங்கப்பாண்டியன் கையைத் தட்டியே விட்டார்.

வேறு யாரும் தட்டவில்லை. சுருளியாண்டி தலையைக் குனிந்துகொண்டான். ஜோதிலட்சுமியின் முகம் செத்துப்போயிருந்தது.

"என்ன ஜோதி? வெள்ளை நல்லதுதான?"

"உங்க வீட்டு வழக்கம் அது. எங்காத்தாளுக்குச் செவப்புத்தான் சரி. வெள்ளைன்னா வேணாங்குறா. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

தங்கப்பாண்டியன் தலையில் அடித்துக்கொண்டார். கல்யாணமான இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்குமே. டீக்கடையில் பேப்பர் படித்துப் படித்து, இப்போது சொந்தப் பெண்டாட்டி உயிருக்குத் தன் கையாலேயே வேட்டு வைத்தாயிற்று.

"நில்லு ஜோதி! அது பொய்யி. ரெண்டுலயும் நான் வெள்ளையத்தான் வச்சேன்."

"என்னையப் படுக்க வைக்க நீங்க எது வேணாலும் சொல்லுவீக."

"சத்தியமா!"

"யாரு மேல?"

யார் மேல் சொல்வது? அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "இந்தா உக்காந்திருக்காளே உங்காத்தா, இவ மேல சத்தியம்!"

சுருளியாண்டி சூடத்தட்டைக் கீழே போடப் பார்த்தான். பிறகு இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தான். அதுவும் வெள்ளை. தங்கப்பாண்டியன் சட்டைப் பையிலிருந்து கசங்கிய அரளியை எடுத்து நீட்டினார்.

"என்ன மச்சான், ஆத்தா சன்னிதியிலயே பித்தலாட்டமா!" என்று அவன் குதித்தான். "தள்ளுங்க. இப்ப நான் கட்டுறேன்."

கட்டினான். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை. குலுக்கி அம்மன் காலடியில் வைத்தான். ஜோதிலட்சுமி குனிந்து கையை நீட்டினாள்.

இரண்டில் ஒன்று. அந்தக் கணக்கைப் போட அவருக்குத் தாள் வேண்டியதில்லை. குறுக்கே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்காத ஜோதி. எனக்குப் பயமா இருக்கு."

"என்ன?"

"தொண்ணூத்தேழுன்னு உனக்குத்தான் சொன்னேன். எனக்கு அந்த மூணுதான் கண்ணுக்குள்ளயே நிக்கிது. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. நீ இல்லாத வீட்ல நான் என்னடி பண்ணுவேன்?" என்றவர், அறுபது வயதில், சாமி முன்னால், தேம்பித் தேம்பி அழுதார்.

ஜோதிலட்சுமி நிமிர்ந்தாள். அவள் கண்ணும் நிறைந்துவிட்டது.

"இத வீட்லயே சொல்லியிருக்கலாம்ல? பர்சென்ட்டு பர்சென்ட்டுன்னு சொல்லவும், நான் ஒருத்திதான் பயந்து சாகுறேன், உங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னு நெனச்சேன்."

"அக்கா, பூவு?" என்றான் சுருளியாண்டி.

"பிரிக்காம கெணத்துல போட்ருடா தம்பி. ஆத்தா சொல்ல வேண்டியத இவுக வாயாலயே சொல்லிட்டா."

ஆத்தாவும் இல்லை, கீத்தாவும் இல்லை, பயத்தில் உடம்புக்குள் சுரக்கிற சுரப்புதான் அப்படிப் பேசவைத்தது என்று விளக்கத் தங்கப்பாண்டியனுக்கு நுனிநாக்கு வரை வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"வியாழக்கெழம எத்தன மணிக்கு வரச் சொன்னாக?" என்று கேட்டாள்.

"காலையில ஆறு மணிக்கு. வெறும் வயித்துல வரணும்."

"வெறும் வயித்துல நாந்தான வரணும்? நீங்க சாப்பிட்டு வாங்க. அங்கன வந்து மயங்கி விழுந்து வச்சீகன்னா, டாக்டரு உங்களப் பிடிச்சு அந்த மூணு பேரோட சேத்துருவாக."