பச்சைப் பூச்சியம்

"டெஸ்ட்டுக்குப் 'பாஸ்' போட்டு மூடிருங்க இசை. எல்லாமே பச்சையாத்தான இருக்கு?" சென்னையிலிருந்து மடிக்கணினி வழியாகக் கேட்டான் டீம் லீடர் சரவணக்குமார்.

இசைவாணி மணமேல்குடியில் அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பிரவுசரிலிருந்து பேசுவது வேறொரு பிரவுசருக்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று சோதிப்பது அவள் வேலை. அவர்கள் கம்பெனி செய்துகொடுத்த வீடியோ சேவையில்தான் அண்ணன் அருள்தாஸ் டாக்டரிடம் நெஞ்சுவலியைச் சொன்னான். டாக்டருக்கு முகம் தெரிந்தது, குரல் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் துண்டித்துவிட்டார். திரும்பக் கூப்பிடுவார் என்று போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவனுக்கு அப்படியே உயிர் போய்விட்டது. கம்பெனி விசாரித்து எழுதியது: ஒலி இழப்பு பூச்சியம், நோயாளி பேசவில்லை.

பேசவில்லையாம். விசைப்படகு எஞ்சின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, வீட்டுக்குள்ளும் மெதுவாகப் பேசத் தெரியாமல் போனவன் அவன். இன்றைக்கு அவள் 'பாஸ்' போட்டால் அந்த வரி அப்படியே நின்றுவிடும்.

அண்ணனின் பழைய போனை அவளே சோதித்துப் பார்த்திருந்தாள். அதிலிருந்த பிரவுசர், தொலைந்த ஒலியின் கணக்கைக் கொடுப்பதே இல்லை. கணக்கு வராத இடத்தில் கம்பெனியின் கருவி தானாகப் பூச்சியம் போட்டுப் பச்சை அடித்துவிடுகிறது. புதுப் போன்களை ஒரே மேசையில் வைத்துச் சோதிக்கிறவர்கள் கண்ணில் அது எப்படிப் படும்?

"அண்ணன் போன் பிரவுசர்ல காட்டுறது பூச்சியம் இல்லைங்க. தெரியலைங்கிறது."

"அந்தப் பிரவுசர இப்ப யாருங்க வச்சிருக்கா? திங்கக்கிழமை ரிலீஸு. நீங்க எமோஷனலா இருக்கீங்க, புரியுது."

"ஒங்களுக்குப் புரியல. இப்ப அண்ணன் போன்லருந்து கால் வரும். எடுத்து, ஒங்க ஸ்கிரீன ஷேர் பண்ணுங்க."

அண்ணன் மனைவி பிளெஸ்ஸியிடம் போனை நீட்டினாள். "மதினி, கொல்லையில நின்னு பேசுங்க."

"யாருகிட்ட?"

"டாக்டருன்னு நெனச்சுக்கங்க."

"அந்தாளா? குடு இங்கிட்டு."

இசைவாணி தன் மைக்கை அணைத்தாள். ஜன்னல் வழியே பிளெஸ்ஸியின் குரல் வந்தது.

"ஏய்யா, ஒரு மனுசன் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு இருக்கிறது தெரியலியா? வாயி அசையுறது தெரியலியா? திருப்பிக் கூப்புட ஒனக்குக் கையி இல்லியா?"

பக்கத்து வீட்டுக் கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிர்ந்தாள். சரவணக்குமார் பகிர்ந்த திரையில் பிளெஸ்ஸியின் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. கீழே, ஒலி இழப்பு பூச்சியம். பச்சை.

"ஹலோ மேடம், பேசுறீங்களா? கேக்குதுங்களா?" என்றான் சரவணக்குமார்.

"ஹலோவாம்ல, ஹலோ!" கொல்லையில் பிளெஸ்ஸி கத்தினாள்.

"இசை, அங்கிட்டிருந்து ஒண்ணும் வரலியே. கட் பண்ணிட்டு..."

சொல்லி முடிக்கவில்லை. அவன் திரையில் அம்புக்குறி, காலைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் வரைக்கும் போய், அதன் மேலேயே நின்றது. அதற்கு மேலே பிளெஸ்ஸி சத்தமில்லாமல் கத்திக்கொண்டிருந்தாள்.