ஏழாம் நம்பர் தட்டு

"ஊத்தாதீங்க மேடம்!"

கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு டெக்னீஷியன் 'கழுகு' பாய்ந்தார். ஆய்வகத் தலைவி ஏழாம் நம்பர் தட்டின் மூடியை எடுத்துவிட்டிருந்தார். ப்ளீச் பாட்டில் சாய்ந்துகொண்டிருந்தது. கழுகு தட்டை வெடுக்கென்று இழுக்க, ப்ளீச் மேஜைமேல் கொட்டியது.

"கையுறைகூட இல்லாம தொடுறீங்க! பதினோரு வருஷத்துல இதான் கத்துக்கிட்டீங்களா?" என்றார் தலைவி.

"கையுறையா இப்போ முக்கியம்? என் பக்கம் இருக்கிற சாட்சி இது. அதைப் போய்க் கொல்லப் பாக்குறீங்களே!"

தட்டை இன்குபேட்டருக்குள் வைத்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

பூஞ்சை ஊசிமுனை அளவு முளைத்தாலும் கண்டுபிடித்துவிடும் டெக்னீஷியன் அவர். அதனால்தான் கழுகு என்ற பட்டப்பெயர். அந்தக் கழுகின் பேரில்தான் தலைவி நேற்று மாலை ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: 'ஏழாம் தட்டு மாறிவிட்டது. டெக்னீஷியனின் கவனக்குறைவு.' நாளை அது மேலே போனால், கழுகுக்கு மிச்சமிருப்பது கண்ணாடிக் குடுவை கழுவுகிற வேலைதான்.

இருபது பேரின் தோல் செல்களை நரம்பு ஸ்டெம் செல்களாக மாற்றி, ஆளுக்கொரு தட்டில் வளர்த்திருந்தார்கள். பத்துப் பேர் ஆரோக்கியமானவர்கள். பத்துப் பேர் நோயாளிகள்; உடம்பின் காவல்படையே மூளைக்குள் புகுந்து அழற்சியைக் கிளப்பி, நரம்பின் மேலுறையை அரித்துவிடுகிற நோய். ஆரோக்கியமான ஸ்டெம் செல், பக்கத்துச் செல்களுக்கு 'உறையைக் கட்டு' என்று சேதி அனுப்பும். நோயாளியின் செல் அனுப்புவதோ 'ஆபத்து, ஆபத்து' என்கிற சேதிதான். அதைக் கேட்டுக் கேட்டே, உறை கட்ட வேண்டிய செல்கள் வளராமல் முடங்கிவிடும்.

ஏழு, ஆரோக்கிய வரிசையில் இருந்த தட்டு. மூன்று முறை சோதித்தார்கள். மூன்று முறையும் ஆபத்து என்றே அலறியது.

"நோயாளி தட்டை இந்த வரிசையில வெச்சுட்டீங்க. ஒத்துக்கோங்களேன். கழுகுக்கும் ஒரு நாள் கண்ணு மங்கும்."

"மங்கினா நானே கண்ணாடி வாங்கிக்குவேன் மேடம். இதைப் படிங்க."

கழுகு பையிலிருந்து மடித்த தாளை நீட்டினார். "ஏழாம் ஆள்கிட்ட முதல்ல எடுத்த தோல் சாம்பிள் நைட்ரஜன் தொட்டியில உறைஞ்சு கிடக்கு. அந்தக் குப்பியில நம்பர் எழுதினது நீங்க. நான் தொட்டதே இல்ல. மூணாவது தடவையும் அலறினப்பவே, அதையும் தட்டையும் மரபணு ஒப்பீட்டுக்கு அனுப்பிட்டேன். உங்ககிட்ட கேக்கல. தப்புதான்."

தலைவி ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வாசித்தார். கோட்டின் பொத்தான்கள் ஓட்டை மாறி மாட்டியிருந்தன. பாட்டில் மூடியைத் திருகப் பார்த்தார். இரண்டு முறை தவறியது.

"ஒரே ஆள்," என்றார்.

"ஒரே ஆள். தட்டு மாறவே இல்ல."

தலைவி தன் குறிப்பை எடுத்து நாலாகக் கிழித்தார். "உங்க மேல தப்பில்ல."

கழுகுக்குக் கோபம் அடங்கவில்லை. "அப்புறம் எதுக்கு ப்ளீச்? முதல்ல அந்த ஏழாம் ஆளைக் கூப்பிட்டு ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க. தட்டு சொல்றதாலேயே நோய்னு ஆயிடாது. ஆனா பாவம், அவங்களுக்குத் தெரியணுமில்ல?"

"தெரியும். இடது கை ரெண்டு மாசமா மரத்துப்போகுது. ஒரு கண்ணுல புகைமூட்டம்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படி..."

"நீங்க தட்டை மாத்தி வெச்சிருக்கணும்னு நான் வேண்டாத தெய்வம் இல்ல."

தலைவி இடது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். உள்பக்கம் பட்டாணி அளவில் ஒரு பழைய தழும்பு.

"ஆரோக்கியமானவங்க வரிசையில ஏழாம் இடத்துக்கு மட்டும் கடைசிவரைக்கும் ஆள் கிடைக்கலை. நம்ம தோல் எதுக்கு இருக்குன்னு கிள்ளி எடுத்தேன். ஏழாம் நம்பர் நான்தான்."